கந்தலில் மலர்ந்த தாமரை

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் அறிவுரை. வறுமை இழிவன்று, தூய்மையின்மையே இழிவு என்பது அதன் உட்பொருள். இப்பழமொழியில் இடம்பெறும் 'கந்தை' என்னும் சொல், 'கந்தா' என்னும் வடமொழிச் சொல்லோடு உறவுடையது. கிழிந்த துணிகளை இணைத்துத் தைத்த ஆடை அல்லது போர்வை என்பது அவ்வடசொல்லின் பொருள். அதே சொல்தான் வங்காளத்தில் 'காந்தா' என்று வழங்குகிறது.

சொல் ஒன்றாயினும் அது எழுப்பும் உணர்வு வேறு. தமிழில் கந்தை என்றதும் இல்லாமை நினைவுக்கு வருகிறது. வங்காளத்தில் காந்தா என்றதும் பாட்டியின் மடியும், குளிர்கால விடியற்காலையும், தன்னை நினைத்து யாரோ பல மாதங்கள் ஊசி பிடித்தார்கள் என்னும் நிறைவும் நினைவுக்கு வருகின்றன. பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த ஓர் எளிய போர்வை அன்பின் அடையாளமானது எவ்வாறு?

இக்கேள்வியோடு வேறு மூன்று கேள்விகளும் பிணைந்துள்ளன. தன் கையால் ஒன்றைச் செய்யும்போது உண்டாகும் மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது? செய்ததைப் பிறருக்குக் கொடுத்துவிட்ட பின்னும் அம்மகிழ்ச்சி குறையாமல் இருப்பது எப்படி? கொடுத்ததை மற்றவர் ஏற்க மறுக்கும்போது அதே மகிழ்ச்சி துயரமாக மாறுவது ஏன்? காந்தாவின் கதையைத் தொடர்ந்து சென்றால் இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்.

பழந்துணி போர்வையாகும் விதம்

மரபான காந்தாவின் மூலப்பொருள் புதுத்துணி அன்று. பல ஆண்டுகள் உடுத்து, எண்ணற்ற முறை துவைத்து, நைந்துபோன பருத்திச் சேலைகளும் வேட்டிகளுமே அதற்கு உரியவை. இதில் நல்லதொரு நடைமுறை அறிவு இருக்கிறது. புதுத்துணியில் கஞ்சியின் விறைப்பு இருக்கும். உடுத்தித் துவைத்த துணியிலோ விறைப்பு நீங்கி, இழைகள் தளர்ந்து, பூவைப் போன்ற மென்மை உண்டாகியிருக்கும். பிறந்த குழந்தையின் தோலுக்கு இதைவிட இதமான துணி கிடைப்பது அரிது. அதனால்தான் வங்காள வீடுகளில் குழந்தை பிறப்பதற்கு முன்பே பாட்டியும் அத்தையும் சித்தியும் தங்கள் பழஞ்சேலைகளை எடுத்துவைத்து, சின்னஞ்சிறு காந்தாக்களைத் தைக்கத் தொடங்குவது வழக்கமாக இருந்துவந்துள்ளது.

முதலில் துணிகளை நன்கு துவைத்து உலர்த்துகின்றனர். பிறகு தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கின்றனர். மேலும் கீழும் ஓரளவு நல்ல நிலையிலுள்ள துணி இருக்கும். மிகவும் நைந்தவை நடுவில் இடம்பெறும். மெல்லிய போர்வைக்கு இரண்டு மூன்று அடுக்குகள் போதும். குளிர்காலத்திற்கு அடுக்குகள் கூடும். சுருக்கமின்றி இழுத்து விரித்து, மூலைகளில் பாரம் வைத்து, முதலில் ஓரங்களைத் தைத்துக்கொள்கின்றனர். ஒருவர் இழுக்க மற்றொருவர் பிடிக்க வேண்டியிருப்பதால் இந்தத் தொடக்க வேலையைத் தனியாகச் செய்வது கடினம். மதிய உணவு முடிந்து, வீடு சற்று ஓய்ந்திருக்கும் வேளையில் அண்டை வீட்டுப் பெண்கள் வந்து கைகொடுப்பார்கள். துணிகள் சேரும் அந்த இடத்தில் மனிதர்களும் சேர்கிறார்கள்.

தைப்பதற்கான நூலையும் பழைய நாளில் கடையில் வாங்கவில்லை. பழஞ்சேலையின் சிவப்பு, நீலம், கறுப்புக் கரைகளிலிருந்து இழைகளை உருவி எடுத்துச் சேர்த்து வைத்துக்கொண்டனர். தையலோ மிக எளியது. ஊசியை மேலும் கீழுமாகச் செலுத்திக்கொண்டே போகும் ஓட்டுத் தையல் அது. ஊசி பிடிக்கப் பழகும் சிறுமி முதன்முதலில் கற்பது அதைத்தான். அந்த ஒரே தையல் போர்வை முழுவதும் ஆயிரமாயிரமாகத் திரும்பத் திரும்ப வரும்போது, துணியின்மீது நீரலை போன்ற நுண்ணிய சுருக்கங்கள் தோன்றுகின்றன. அடுக்குகள் விலகாமல் பிணைகின்றன. அடுக்குகளுக்கு இடையே தங்கிய காற்று உடலின் வெப்பத்தை வெளியே விடாமல் காக்கிறது. கடுங்குளிர் இல்லாத வங்கச் சமவெளிக்குப் பஞ்சு திணிக்காத இந்தப் போர்வையே போதுமானது.

சித்திர வேலைப்பாடு மிகுந்த காந்தாவை 'நக்ஷி காந்தா' என்பர். அதன் நடுவில் பெரும்பாலும் பல இதழ்த் தாமரை ஒன்று விரிந்திருக்கும். நான்கு மூலைகளிலிருந்தும் மரங்களோ மாங்காய் வடிவங்களோ நடுவை நோக்கிச் சாய்ந்திருக்கும். இடைவெளிகளில் யானை, குதிரை, மீன், படகு, பல்லக்கு, தேர், சீப்பு, பாக்குவெட்டி, மைச்சிமிழ் என்று அப்பெண் அன்றாடம் கண்டவையும் காண விரும்பியவையும் இடம்பெறும்.

இக்கலையை ஆராய்ந்தவர்களுள் முன்னோடி, கலை வரலாற்று அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் (1896-1993). அவர் சேகரித்த காந்தாக்கள் இன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. சிதறிக் கிடந்தவற்றை மீண்டும் ஒரு முழுமையாக்கும் செயல் என்ற நோக்கில் அவர் காந்தாவைக் கண்டார். சற்றே எண்ணிப் பார்த்தால் இதன் ஆழம் புலப்படும். தனித்தனியே விட்டிருந்தால் அத்துணிகள் இன்னும் சில நாட்களில் நார்நாராகி இருக்கும். ஒன்றோடொன்று பிணைந்ததால் இன்னொரு தலைமுறைக்குப் பயன்படும் வலிமை அவற்றுக்கு வந்தது. வலுவற்றவை ஒன்றையொன்று தாங்கும்போது வலிமை பிறக்கிறது.

ஊசிமுனையில் ஒரு முகம்

காந்தாவின் வகைகளை நோக்கினாலே அது யாருக்காகச் செய்யப்படுகிறது என்பது விளங்கும். குளிருக்குப் போர்த்திக்கொள்வது 'லேப்'. விருந்தினருக்கும் திருமணம் போன்ற நிகழ்ச்சிகளுக்கும் விரிப்பது 'சுஜனி'. கண்ணாடியையும் சீப்பையும் சுற்றிவைப்பது 'ஆர்ஷிலதா'. இவை தவிர, சுவடிகளையும் நூல்களையும் சுற்றிவைக்க ஒன்று, தலையணைக்கு ஒன்று, பணம் வைக்கும் பைக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பயனும், அதைப் பெறப்போகும் ஒரு மனிதரும் உண்டு.

சந்தைக்காக நெய்பவர் தம் துணியை யார் உடுத்தப்போகிறார் என்பதை அறியார். பழைய காந்தாவைத் தைத்த பெண்ணுக்கோ அதைப் போர்த்திக்கொள்ளப் போகிறவரின் முகம் தெரியும். வேலைப்பாடு மிகுந்த ஒரு காந்தா முடியப் பல மாதங்கள் ஆகும். சில ஆண்டுகளும் ஆவதுண்டு. ஒரு தலைமுறை தொடங்கியதை அடுத்த தலைமுறை முடித்த செய்திகளும் உண்டு. அத்தனை காலமும் அந்த முகம் ஊசிமுனையிலேயே நிற்கிறது. ஒரே தையலைத் திரும்பத் திரும்பத் தைப்பது சலிப்பூட்டும் வேலை என்று புறத்தே நிற்பவருக்குத் தோன்றலாம். ஆனால் அன்புக்குரிய ஒருவரின் நினைவோடு இணைந்த செயல் சலிப்பதில்லை. அது ஜபமாலையை உருட்டுவதைப் போன்றது. கை ஒன்றையே செய்துகொண்டிருக்க, மனம் மெல்ல மெல்ல ஓரிடத்தில் அமைதி கொள்கிறது.

கொல்கத்தாவின் தென்மேற்கே ஜோகாவில் குருசதய் அருங்காட்சியகம் உள்ளது. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தபடியே வங்க நாட்டுப்புறக் கலைகளைத் தேடித் திரட்டிய குருசதய் தத்தரின் (1882-1941) சேகரிப்பு அது. அங்குள்ள காந்தாக்களுள் புகழ்பெற்றது, 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மானதாசுந்தரி என்னும் பெண் தன் தந்தைக்காகத் தைத்தது. சிப்பாய்கள் முதலிய அக்காலத்து உருவங்கள் அதில் நிறைந்துள்ளன. அவள் தன் பெயரையும், அது தந்தைக்கு உரியது என்பதையும் எழுத்துகளாகவே தைத்து வைத்தாள். பெண்கள் எழுதப் படிப்பது அரிதாக இருந்த காலத்தில், ஒரு மகளின் அன்பு ஊசியையே எழுதுகோலாக்கிக்கொண்டது. அத்தந்தையைப் பற்றியோ அம்மகளைப் பற்றியோ வேறு செய்தி அறியாதவரும், அந்தப் போர்வையின்முன் நின்றால் அவர்களுக்கிடையே இருந்த அன்பை ஐயமின்றி அறிந்துகொள்கின்றனர்.

கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைக்காவியம் வங்க மக்கள் உள்ளத்தில் நிலையான இடம் பெற்றது. கணவன் ரூபாயைப் பிரிந்த ஷாஜு, தங்கள் வாழ்க்கைக் கதை முழுவதையும் ஒரு காந்தாவில் தைக்கிறாள். தான் இறந்தபின் அதைத் தன் கல்லறைமீது விரிக்குமாறு தாயிடம் வேண்டிக்கொண்டு உயிர்விடுகிறாள். பின்னொரு நாள், அதே காந்தாவைப் போர்த்தியபடி ரூபாய் அவ்விடத்தில் இறந்து கிடப்பதை ஊரார் காண்கின்றனர். சொல்லில் அடங்காத ஒன்றைச் சொல்லும் ஆற்றல் தையலுக்கு உண்டு என்பதை வங்க மக்கள் உணர்ந்திருந்ததால்தான் அக்காவியம் அவர்களை உருக்கியது.

கம்பளியும் கந்தையும்

இல்லறத்தார்க்கு அன்பின் சின்னமான இந்தக் கந்தை, துறவிக்குப் பற்றின்மையின் சின்னம். புத்தரின் சீடர்கள் எறியப்பட்ட துணிகளைச் சேர்த்துத் துவர் ஊட்டி, துண்டு துண்டாக இணைத்து உடுத்தினர். வரப்புகளால் பிரிந்து கிடந்த மகத நாட்டு வயல்களைப் பார்த்த புத்தர், அதேபோல் துண்டுகளை இணைத்துத் துறவாடை அமைக்க இயலுமா என்று ஆனந்தரைக் கேட்டதாகவும், அவ்வாறே அவர் அமைத்துத் தந்ததாகவும் விநய பிடகம் கூறுகிறது.

வங்காளத்தின் காந்தா துறவியின் தோளில் ஏறிய ஒரு நிகழ்ச்சியைக் கிருஷ்ணதாச கவிராஜரின் 'சைதன்ய சரிதாம்ருதம்' விவரிக்கிறது. வங்கத்தை ஆண்ட ஹுசேன் ஷாவின் அமைச்சராக இருந்தவர் சநாதனர். பதவியைத் துறக்க முற்பட்டபோது அரசன் அவரைச் சிறையிலிட்டான். அங்கிருந்து தப்பி, ஸ்ரீசைதன்யரைத் தேடி அவர் காசியை நோக்கி நடந்தார். வழியில் ஹாஜிப்பூரில் அவருடைய மைத்துனர் ஸ்ரீகாந்தர், குளிருக்கு ஆகட்டும் என்று விலையுயர்ந்த கம்பளி ஒன்றை வற்புறுத்திக் கொடுத்தார்.

காசியில் ஸ்ரீசைதன்யர் சநாதனரை அன்போடு தழுவிக்கொண்டார். அவர் புத்தாடையை மறுத்துப் பழந்துணி ஒன்றைக் கேட்டு வாங்கி உடுத்தியது கண்டு மகிழ்ந்தார். ஆயினும் அவருடைய பார்வை அடிக்கடி அந்தக் கம்பளியின்மீது சென்று மீண்டது. சொல் ஏதும் இல்லை. சநாதனர் குறிப்பறிந்தார். கங்கைக் கரைக்குச் சென்றபோது, வங்க நாட்டு ஏழைத் துறவி ஒருவர் தமது காந்தாவைத் துவைத்து உலர்த்திக்கொண்டிருப்பதைக் கண்டார். தம் கம்பளியைப் பெற்றுக்கொண்டு அந்தக் காந்தாவைத் தருமாறு வேண்டினார். பெரிய மனிதர் தம்மைக் கேலி செய்கிறார் என்றே அத்துறவி நினைத்தார். கேலியன்று, உண்மையாகவே கேட்பதாக உறுதி கூறி, கம்பளியைக் கொடுத்துக் கந்தையைத் தோளில் இட்டுக்கொண்டு திரும்பினார் சநாதனர். விலையுயர்ந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு வீடுவீடாகப் பிட்சைக்குச் செல்வது பொருந்தாது அன்றோ என்று சொல்லி, ஸ்ரீசைதன்யர் அளவற்ற மகிழ்ச்சி கொண்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பரிமாற்றத்தில் யாருக்கும் இழப்பில்லை. ஏழைத் துறவிக்குக் கம்பளி கிடைத்தது. சநாதனருக்குத் தம் வாழ்க்கைக்கு ஏற்ற போர்வை கிடைத்தது. பொருளின் மதிப்பு விலையில் மட்டும் இல்லை. அது யாருக்கு, எந்த நிலையில் பொருந்துகிறது என்பதிலும் இருக்கிறது.

ஜகதானந்தரின் மெத்தை

அதே நூலில் மற்றொரு நிகழ்ச்சி உண்டு. அன்போடு ஒன்றைச் செய்து அன்போடு கொடுத்தும், அது ஏற்கப்படாமல் வருந்திய எவருக்கும் அது நெருக்கமானது.

ஜகதானந்த பண்டிதர் ஸ்ரீசைதன்யரின் நெருங்கிய அன்பர். அவருடைய அன்பு ஆழமானது. அதே அளவுக்கு உரிமை பாராட்டுவது. ஒருமுறை வங்காளத்திலிருந்து நறுமணச் சந்தனத் தைலத்தைக் குடம் நிறையப் புரிக்குச் சுமந்து வந்தார். துறவிக்குத் தைலம் எதற்கு, ஜகந்நாதர் கோயில் விளக்குக்குக் கொடுத்துவிடலாம் என்றார் ஸ்ரீசைதன்யர். ஜகதானந்தர் அக்குடத்தை முற்றத்தில் போட்டு உடைத்துவிட்டு, வீட்டுக்குச் சென்று கதவைத் தாழிட்டு, உண்ணாமல் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் ஸ்ரீசைதன்யரே அவருடைய வாயிலுக்குச் சென்று, இன்று உன் வீட்டில்தான் உணவு, சமைத்து வை என்று சொல்லி அவரை எழுப்ப வேண்டியதாயிற்று.

பிறகொரு சமயம் மெத்தை விஷயம் வந்தது. கடுந்தவத்தால் மெலிந்திருந்த ஸ்ரீசைதன்யர் உலர்ந்த வாழைப்பட்டைகளின்மீது படுப்பது வழக்கம். எலும்பு தரையில் உறுத்துவதை அன்பர்களால் பார்த்துக்கொண்டிருக்க இயலவில்லை. ஜகதானந்தர் மெல்லிய நல்ல துணி வாங்கி, காவி தோய்த்து, இலவம்பஞ்சு நிறைத்து மெத்தையும் தலையணையும் செய்தார். அவற்றை விரித்து அவரைப் படுக்கவைக்கும் பொறுப்பைத் தம் நண்பர் ஸ்வரூப தாமோதரரிடம் ஒப்படைத்தார்.

மெத்தையைக் கண்டதும் ஸ்ரீசைதன்யருக்குச் சினம் உண்டாயிற்று. இதைச் செய்தது யார் என்று வினவினார். ஜகதானந்தரின் பெயரைக் கேட்டதும் சற்றுத் தயங்கினார். அவருடைய கோபத்தை அவர் அறிவார். ஆயினும் மெத்தையை அகற்றச் சொல்லி, வாழைப்பட்டையிலேயே படுத்தார். மறுத்தால் ஜகதானந்தர் பெரிதும் வருந்துவாரே என்று ஸ்வரூபர் எடுத்துரைத்தார். அப்படியானால் ஒரு கட்டிலையும் கொண்டுவந்து போட்டுவிடலாமே என்பதுபோல் மறுமொழி வந்தது. தரையில் படுப்பதே துறவியின் நெறி. அதில் தளர்ச்சி கூடாது என்பது அவருடைய உறுதி. செய்தி அறிந்த ஜகதானந்தர் துயரத்தில் ஆழ்ந்தார்.

ஸ்வரூப தாமோதரர் வேறு வழி கண்டார். உலர்ந்த வாழைச்சருகுகளைக் கொண்டுவந்து, நகத்தால் கிழித்துக் கிழித்து நூல்போல் மென்மையாக்கினார். ஸ்ரீசைதன்யர் உடுத்திக் கழித்த மேலாடைகள் இரண்டினுள் அவற்றை நிறைத்து, விரிப்பும் தலையணையும் அமைத்தார். பலவாறு வேண்டிக்கொண்டபின் அவர் அதை ஏற்றார். அன்பர்கள் அனைவரும் மகிழ்ந்தனர். ஜகதானந்தரின் உள்ளத்தில் மட்டும் வருத்தம் எஞ்சியிருந்தது.

இரு படுக்கைகளின் நோக்கமும் ஒன்றே. அன்பரின் உடல் வருந்தக்கூடாது என்பதே அது. ஒன்று மறுக்கப்பட்டது, மற்றொன்று ஏற்கப்பட்டது. வேறுபாடு எங்கே? ஜகதானந்தர் தமக்குச் சிறந்ததாகத் தோன்றியதைக் கொடுத்தார். ஸ்வரூபர் பெறுபவரின் நெறிக்குள் நின்று, அதற்கு இசைந்ததைத் தேடினார். புதுத்துணி இல்லை, புதுப்பஞ்சு இல்லை. பெறுபவரின் பழந்துணியே உறையாயிற்று. வீணாகும் சருகே உள்ளீடாயிற்று. பெயர் எதுவாயினும், இயல்பால் அது ஒரு காந்தாவே.

இதனால் ஜகதானந்தரின் அன்பு குறைந்ததாகாது. அந்நூலாசிரியர் அவரை எங்கும் இகழவில்லை. அவர் அன்பின் ஆழத்தைப் போற்றவே செய்கிறார். கதையின் முடிவும் இனிமையானது. ஜகதானந்தர் விடைபெற்றுப் பிருந்தாவனம் சென்று, அதே சநாதனருடன் சில காலம் தங்கினார். திரும்பும்போது சநாதனர் கொடுத்தனுப்பியவை ராஸமண்டல மணலும், கோவர்த்தனக் கல்லும், உலர்ந்த பீலுப் பழங்களும், குன்றிமணி மாலையுமே. விலை என்று எதுவும் இல்லாத அப்பொருள்களை ஸ்ரீசைதன்யர் பெருமகிழ்ச்சியோடு ஏற்றார். பழங்கள் அனைவருக்கும் பகிரப்பட்டன. உண்ணும் முறை அறியாமல் கடித்துச் சுவைத்தவர்களுக்கு வாய் எரிந்ததாம்! தைலக் குடத்தைச் சுமந்து வந்த அதே கைகள், இம்முறை ஏற்கத்தக்க பரிசைச் சுமந்து வந்தன.

மூன்று விடைகள்

தொடக்கத்தில் எழுந்த மூன்று கேள்விகளுக்கு இப்போது விடை காணலாம்.

முதலாவது, செய்வதில் உள்ள மகிழ்ச்சி. போர்வை முடிந்தபின்தான் மகிழ்ச்சி வரும் என்றால் மாதக்கணக்கில் யாரும் தைக்கமாட்டார்கள். வேறொருவரை நினைத்து வேலை செய்யும்போது 'நான்' என்னும் சுமை சிறிது நேரம் தோளிலிருந்து இறங்குகிறது. அந்த இறக்கமே மகிழ்ச்சி.

இரண்டாவது, கொடுத்தபின்னும் குறையாத மகிழ்ச்சி. கொடுக்கப்பட்டது துணி மட்டுமே. தைத்த மாதங்களில் உள்ளம் அடைந்த கனிவு கொடுத்தவரிடமே தங்கிவிடுகிறது. மறுபயன் கருதாமல், தக்க இடத்தில், தக்க காலத்தில், தக்கவர்க்குக் கொடுப்பதையே சாத்விக தானம் என்று கீதையின் 17ஆம் அத்தியாயம் வகுக்கிறது. பயனை நோக்கியும் மனம் வருந்தியும் கொடுப்பது ராஜஸம். முன்னதில் கொடுக்கும் செயலிலேயே நிறைவு உண்டு. பின்னதில் நிறைவு பிறர் கையில் இருக்கிறது.

மூன்றாவது, மறுக்கப்படும்போது வரும் துயரம். பரிசோடு நூலிழை போன்ற ஓர் எதிர்பார்ப்பையும் சேர்த்துத் தைத்துவிடுகிறோம். பெறுபவர் பாராட்ட வேண்டும், தினமும் போர்த்திக்கொள்ள வேண்டும், பிறரிடம் காட்ட வேண்டும் என்றெல்லாம் அது இழுக்கிறது. அந்த இழை அறுந்தால் வலி. அன்பைக் குறைப்பது இதற்கு மருந்தன்று. அன்போடு விவேகத்தையும் சேர்ப்பதே மருந்து. 'எனக்கு எதைக் கொடுக்கப் பிடிக்கும்?' என்னும் கேள்வியிலிருந்து 'அவருக்கு எது பொருந்தும்?' என்னும் கேள்விக்கு நகர்வதே அந்த விவேகம்.

பல கைகள், ஒரே உள்ளம்

இந்த மரபு வங்காளத்தோடு நிற்பதன்று. பீகாரில் பழந்துணிகளை இணைத்துப் பிறந்த குழந்தைக்குத் தைக்கும் 'சுஜனி' உண்டு. கந்தல்களுக்கு உரிய அன்னையாகச் 'சித்திரியா மா' என்னும் தேவியை அங்குள்ளோர் நினைப்பதுண்டு. சிதறியவை யாவும் மீண்டும் முழுமையோடு சேரவேண்டும் என்னும் எண்ணம் அதில் அடங்கியுள்ளது. மகாராஷ்டிரத்தின் 'கோதடி', ராஜஸ்தானிலும் சிந்துவிலும் வழங்கும் 'ரல்லி' ஆகியவையும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டக் காட்டுப்புறச் சிற்றூர்களில் வாழும் சித்தி இனத்தவரின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அவ்வினப் பெண்கள் பழந்துணித் துண்டுகளை வண்ண வண்ணமாக இணைத்துக் 'கவந்தி' என்னும் போர்வையைத் தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிச் செல்வது அவர்கள் தைக்கும் முறை. முடிவில் நான்கு மூலைகளிலும் மடித்த முக்கோணத் துண்டுகளைப் பூவாகத் தைப்பார்கள். 'பூலா' எனப்படும் அப்பூ இல்லாத போர்வை அவர்கள் கண்ணுக்கு ஆடையற்றதாகத் தோன்றும். குளிரைத் தடுக்க அப்பூ தேவையில்லை. ஆயினும் கொடுக்கும் பொருள் பயனோடு அழகும் உடையதாக இருக்கவேண்டும் என்று வறுமையிலும் அவர்கள் எண்ணுகிறார்கள். பெறுபவருக்குச் செய்யும் மரியாதை அது.

விலைக்கு வந்த காந்தா

கடந்த சில பத்தாண்டுகளில் காந்தாவின் நிலை மாறியுள்ளது. பட்டுச் சேலைகளிலும் மேலாடைகளிலும் காந்தாத் தையல் இடம்பெற்று, நாடெங்கும் வெளிநாடுகளிலும் விற்பனையாகிறது. மேற்கு வங்காளத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காந்தாக் கலைஞர் பிரீதிகணா கோஸ்வாமி 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பீர்பூம் முதலிய மாவட்டங்களில் கிராமப் பெண்கள் பலருக்கு இத்தையல் வருமானம் தருகிறது. பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் அது உதவுகிறது.

விலைக்கு வந்ததால் அன்பு போய்விட்டது என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தத்தில் ஓரளவு உண்மை உள்ளது. புதுத்துணியில் பிறர் வரைந்து கொடுத்த உருவத்தை, முகமறியாத ஒருவருக்காகக் குறித்த நாளுக்குள் தைத்து முடிக்க வேண்டிய பெண்ணின் நிலை, மானதாசுந்தரியின் நிலையன்று. ஆனால் உழைப்பவளுக்குக் கூலி வேண்டாம், அன்பு மட்டும் போதும் என்று வயிறு நிறைந்தவர் சொல்வது அறமாகாது. அவளுடைய கண்ணும் விரலும் தேய்ந்தே அந்த அழகு பிறக்கிறது. வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேரம் பேசும் முன், இதில் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறது என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். தைத்தவருக்கு உரியது சேர்கிறதா என்று கேட்டு வாங்கலாம். அவளுக்கு இவர் முகம் தெரியாது. இவராவது அவளை நினைத்துக்கொள்ளலாமே! அந்த நினைப்பில், அறுந்ததுபோல் தோன்றிய இழை மீண்டும் இணைகிறது.

சிந்தனைக்கும் செயலுக்கும்

காந்தா கற்பிக்கும் பாடத்தை வீட்டிலேயே செய்து பழகலாம். உடுத்த இயலாத இரண்டு மூன்று பருத்திச் சேலைகளைத் துவைத்து உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓரம் தைத்து, கைப்பிடி அகலத்துக்கு ஒரு வரிசையாக ஓட்டுத் தையல் போடலாம். அழகிய உருவங்கள் தேவையில்லை, நேர்க்கோடுகளே போதும். வீட்டிலுள்ள பிள்ளைகளும் முதியவர்களும் ஆளுக்கொரு மூலையில் அமரலாம். முடிந்ததும் அதை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தொடங்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். புதிதாகத் தாயான தோழி, தனித்து வாழும் முதியவர், விடுதிக்குப் படிக்கச் செல்லும் மாணவர் என்று யாராவது ஒருவர். தைக்கும்போதெல்லாம் அவர் நலத்தையே எண்ண வேண்டும்.

அதனோடு மூன்று கேள்விகளைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்வது நன்று:

1. பயனற்றது என்று ஒதுக்கிய பொருள்களில், இன்னொருவருக்குப் பயன்படக்கூடியது எது?

2. அண்மையில் கொடுத்த பரிசு, பெற்றவருக்குப் பொருந்தியதா அல்லது கொடுத்தவரின் விருப்பத்துக்கு மட்டும் பொருந்தியதா?

3. ஏற்கப்படாத ஓர் அன்பளிப்பின் வருத்தம் இன்னும் உள்ளத்தில் எஞ்சியிருக்கிறதா? அதில் அன்பு எவ்வளவு, எதிர்பார்ப்பு எவ்வளவு?

கொடுத்த காந்தா என்றும் புதிதாக இருப்பதில்லை. அதைப் போர்த்துகிறார்கள், துவைக்கிறார்கள், வெயிலில் உலர்த்துகிறார்கள். குழந்தை வளர்கிறது, போர்வை நைகிறது. முற்றிலும் நைந்தபின் அது மற்றொரு புதிய காந்தாவின் உள்ளடுக்காகிறது. அப்போது அதன் தாமரையும் யானையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அந்தப் புதிய போர்வைக்குள் படுத்துறங்கும் குழந்தைக்கு, பெயரறியாத யாரோ ஒரு பாட்டியின் கைவெப்பம் கிடைத்துக்கொண்டிருக்கிறது.